சிசேரியனுக்குப் பிறகு: குழந்தையின் படுக்கை எங்கே, எந்த உயரத்தில்?

எங்கள் வீட்டில் தொட்டில் பிரசவத்துக்கு முன்பே வந்துவிட்டது. மரத்தொட்டில், நல்ல ஆழம். வீடு திரும்பிய முதல் இரவு 2 மணிக்குப் பிள்ளை அழுதபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரு கை தையலை அழுத்திப் பிடித்திருக்க, இன்னொரு கையை மட்டும் கம்பிக்கு மேலே விட்டு 3 கிலோவைத் தூக்க முடியுமா? கணவரை எழுப்பினேன். அடுத்த அழுகைக்கும் எழுப்பினேன். விடிவதற்குள் நான்கு முறை.

அதனால் வாங்கும் முன் அளந்து பாருங்கள். கட்டில் விளிம்பில் பாதம் தரையில் படும்படி உட்கார்ந்து, இடுப்பைத் திருப்பாமல், குனியாமல் கையை நீட்டுங்கள். கை போய் நிற்கும் இடத்தில்தான் குழந்தை இருக்க வேண்டும். ஏறக்குறைய உங்கள் மெத்தையின் மட்டம். தையல் இழுப்பது குனியும்போது மட்டுமல்ல, உடம்பை முறுக்கும்போதும்தான்.

அப்புறம் வகை. என் ஓட்டு, கட்டிலோடு சேர்த்துக் கட்டும் பக்கத்தொட்டிலுக்கு. உங்கள் பக்கத் தடுப்பு தாழ்வாக இருக்கும், குழந்தைக்கோ தனி மெத்தை. ஆனால் வாரை இறுக்கிக் கட்டி, இரண்டு மெத்தைக்கும் நடுவே இடைவெளி இல்லை என்று கையால் தடவிப் பார்த்துவிடுங்கள். பெரிய தொட்டில்தான் இருக்கிறதா? மெத்தையை மேல்தட்டுக்கு ஏற்றுங்கள். கம்பிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. நகர்த்தும் வேலை உங்களுடையது அல்ல. முதல் ஆறு வாரம் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்காதீர்கள்.

எதை வாங்கினாலும் உள்ளே இருக்க வேண்டியது கெட்டியான, சமதளமான மெத்தையும் இறுகப் பொருந்திய விரிப்பும் மட்டும். தலையணை, போர்வை, பொம்மை, ஓரத்தில் கட்டும் மெத்தைத் தடுப்பு எதுவும் வேண்டாம். வெறுமையாகத்தான் தெரியும், பார்க்க வருபவர்களும் கேட்பார்கள். கேட்கட்டும். பகலோ இரவோ, மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். சாய்வான படுக்கையும் கூடாது. பச்சைக் குழந்தையின் கனமான தலை முன்னால் சரிந்து, தாடை மார்பில் முட்டி, மூச்சுக்குழல் ஒடுங்கிவிடும். ஊஞ்சலிலோ கார் இருக்கையிலோ தூங்கிப்போனால் வீட்டுக்குள் வந்ததும் சமதளத்துக்கு மாற்றுங்கள்.

இனி, யாரும் சொல்லாத பகுதி. அறுவைக்குப் பின் தரும் வலி மாத்திரைகளில் சில ஆளைத் தூக்கத்தில் ஆழ்த்தும். அந்தத் தூக்கத்தில் பக்கத்தில் பிள்ளை இருப்பதே நமக்குத் தெரியாது. ஆகவே ஒரே அறை சரி, ஒரே படுக்கை வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பின் 2022 வழிகாட்டலும் குறைந்தது 6 மாதத்துக்கு இதையே சொல்கிறது. குறைமாதப் பிள்ளை, எடை குறைந்த பிள்ளை, வீட்டில் புகைபிடிப்பவர் என்றால் ஆபத்து இன்னும் கூடும். ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுப்பது தையலுக்கு இதம், உண்மைதான். கண் சொக்கும் என்று தோன்றினால் தலையணை, போர்வைகளை முன்கூட்டியே அகற்றிவிடுங்கள். விழித்ததும் பிள்ளையை அதன் இடத்தில் கிடத்துங்கள். சோஃபாவில் மட்டும் அரைத்தூக்கத்தில் பால் கொடுக்கவே கூடாது, கட்டிலைவிட அதுதான் ஆபத்து.

கடைசியாக ஒத்திகை. முட்டியை மடக்கி, பக்கவாட்டில் உருண்டு, காலைக் கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழுங்கள். நேராக எழ முயன்றால் வயிறே பதில் சொல்லிவிடும். எந்தப் பக்கம் உருள்வது எளிதோ அந்தப் பக்கம் தொட்டில் நிற்கட்டும். டயப்பர், துடைக்கும் துணி, தண்ணீர் எல்லாம் அதே கையெட்டும் உயரத்தில்.

பிள்ளை புரளவோ கையை ஊன்றி எழும்பவோ தொடங்கினால் சிறிய தொட்டிலின் காலம் முடிந்தது. எங்கள் மரத்தொட்டிலில் அதுவரை துவைத்த துணிகள்தான் படுத்திருந்தன.