மேல் டிவிஷனில் மறுபடி முதல் சீசன்: கடற்கரை கிளப்புகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்பந்தில் கீழ் டிவிஷனிலிருந்து மேலே ஏறிய வருடமே மறுபடி இறங்குவது பெரிய கிளப்புகளுக்கும் நடக்கிறது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 2023-24இல் மேலே வந்த லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்டு யுனைடெட் மூன்றும் அந்த சீசனிலேயே இறங்கின. அடுத்த வருடம் வந்த லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்டன் மூன்றுக்கும் அதே கதி. நம் நாட்டில் இரண்டாம் நிலை லீக்கான ஐ-லீக்கிலிருந்து முதல் நிலையான ஐஎஸ்எல்லுக்கு ஏறிய முதல் கிளப்பான பஞ்சாப் எஃப்சி 8ஆம் இடத்தில் முடித்தது. அதற்கடுத்து ஏறிய முகமடன் ஸ்போர்ட்டிங் 13 அணிகளில் கடைசியாக நின்றது.

அங்கெல்லாம் காரணம் பெரும்பாலும் பணம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரையுள்ள ஊர்களின் கிளப்புகளுக்கும் அதற்குக் கிழக்கே உள்ள கடற்கரை கிளப்புகளுக்கும் பிரச்சினை வேறு. ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் கரையில் இருப்பதில்லை. கீழ் டிவிஷனில் எட்டு நல்ல ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு மற்ற மூன்று இடத்தை எப்படியாவது நிரப்பி ஜெயித்துவிடலாம். மேலே அந்த மூன்று இடம் வழியாகத்தான் கோல் விழும்.

தடைக்காலத்தை வீணாக்குவது

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆழ்கடலுக்குப் போகும் பையன்கள் வருடத்தில் தொடர்ந்து எட்டு வாரம் ஊரில் இருப்பது அப்போது மட்டும்தான். லீக் எந்த மாதம் தொடங்கினாலும் சரி, சீசனுக்கான உடல் தயாராக வேண்டியது இந்த எட்டு வாரத்தில். நடப்பது என்னவென்றால், ஏறிய சந்தோஷத்தில் ஜூன் போய்விடும், ஜூலையில் நாலு கோப்பைப் போட்டி ஆடுவார்கள், ஆகஸ்டில் படகு கிளம்பும்போதுதான் பயிற்சி அட்டவணை ஒட்டப்படும்.

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு மூன்று நாள், 25 முதல் 30 நிமிட மிதமான ஓட்டமும் தொடை, இடுப்பு, வயிற்றுக்கான பயிற்சியும். மூன்றாம் வாரத்திலிருந்து ஐந்தாம் வாரம் வரை பந்தோடு, குறுகிய தூர வேக ஓட்டத்தோடு. கடைசி மூன்று வாரம் முழு அளவு மைதானத்தில் பயிற்சி ஆட்டங்கள்: முதலில் 60 நிமிடம், பிறகு 75, கடைசியில் 90. தென்மேற்கு மழையில் மைதானம் ஊறிக் கிடக்கும் என்பது உண்மை. லீக் ஆட்டமும் மழையில் வரும், அதனால் மின்னல் இல்லாத நாளில் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை.

மணலில் ஓடுவதை நம் ஊரில் எல்லா நோய்க்கும் மருந்தாக நினைக்கிறோம். இளமணலில் குதிகால் புதைவதால் கெண்டைக்கால் தசைக்கும் குதிநரம்புக்கும் சுமை கூடும். அங்கேயே இரண்டு மாதம் பழகியவர் கட்டாந்தரைக்கு வந்த முதல் வாரத்தில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். அலை தொட்டுப் போன ஈர மணலில், ஷூ போட்டு, முதல் மூன்று வாரத்துக்கு மட்டும், ஒரு தடவைக்கு 20 நிமிடம் போதும். இன்னொன்று: கரை கடல் பக்கம் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் கடல் பக்கத்துக் கால் எப்போதும் தாழ்ந்தே ஊன்றும், முழங்காலின் வெளிப்பக்கமும் இடுப்பும் வலிக்க ஆரம்பிக்கும். போன தூரத்தை அதே கோட்டில் திரும்பி ஓட வேண்டும்.

ஆகஸ்டுக்குப் பிறகு யார் கடலில், யார் கரையில் என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 22 பேராவது வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பேர். அதில் ஒருவராவது அன்றன்றைக்குப் போய் வரும் வள்ளக்காரராகவோ மாணவராகவோ கரை வேலைக்காரராகவோ இருக்கட்டும். கோல்கீப்பர் விஷயத்தில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். இரண்டு கீப்பரும் அண்ணன் தம்பியாக, ஒரே படகில் தொழில் செய்பவர்களாக இருந்தால், ஒரே பயணத்தில் இரண்டு கையுறையும் ஊரைவிட்டுப் போய்விடும்.

முப்பது நாள் கழித்துக் கரையேறியவரை அந்த ஞாயிறே முழு ஆட்டம் ஆடவைப்பது அடுத்த தவறு. தூண்டிலும் வலையும் இழுத்த கையும் முதுகும் இறுகித்தான் இருக்கும். ஆனால் ஒரு மாதமாக முழு வேகத்தில் நீட்டி ஓடாத பின்தொடைத் தசை முதல் பாய்ச்சலிலேயே கிழியும். ராத்தூக்கமும் கெட்டிருக்கும். முதல் மூன்று நாள் நடையும் மெல்லோட்டமும். ஏழாம் நாள் வரை முக்கால் வேகத்துக்கு மேல் வேண்டாம். பிறகுதான் முழு வேகம். முதல் ஆட்டத்தில் கடைசி 20 நிமிடம், அடுத்ததில் ஒரு பாதி, மூன்றாவதில்தான் முழு ஆட்டம்.

செவன்ஸ் கால், லெவன்ஸ் மைதானம்

நம் பையன்களின் திறமைக்குக் காசு கொடுப்பது கேரளத்தின் மலபார் பக்கத்து செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம்தான். அதைத் தடுப்பது நியாயமும் அல்ல, நடக்கவும் நடக்காது. செய்ய வேண்டியது, லீக் தேதிகளை முன்கூட்டியே கையில் கொடுத்து, எந்த நாட்களில் வெளியே ஆடலாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது. லீக் ஆட்டத்துக்கு முன் 72 மணி நேரம் வேறு ஆட்டம் கூடாது. ஊர்த் திருவிழாவின் மின்னொளிக் கோப்பைக்கும் இது பொருந்தும். சனி இரவு 11 மணிக்கு இறுதி ஆட்டம் ஆடிவிட்டு ஞாயிறு மாலை லீக்குக்கு வருபவர் முதல் பாதி தாண்டமாட்டார்.

அதைவிட ஆழமான சிக்கல் பழக்கத்தில் இருக்கிறது. செவன்ஸில் ஆளை ஆள் பிடிப்பதே வழி. ஆஃப்சைடு (எதிரணியின் பின்வரிசையைத் தாண்டி நின்று பந்து வாங்கக் கூடாது என்ற விதி) பார்க்காத ஆட்டத்தில் பின்வரிசை ஒரே கோட்டில் நிற்கத் தேவையே இல்லை. முழு மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அங்கே பின்வரிசையின் நடுவில் நிற்கும் ஸ்டாப்பர் பேக் தன் ஆளின் பின்னாலேயே ஓடினால் அவர் விட்டுப்போன இடத்தில் எதிரணியின் மிட்ஃபீல்டர் தனியாக நுழைவார். இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்குப் பந்து மாறி வர இரண்டரை முதல் மூன்று நொடி ஆகும். அந்த மூன்று நொடியில் பின்வரிசை நாலு பேரும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு மீட்டர் நகர வேண்டும். ஒருவர் நின்றுவிட்டால் வழி திறந்துவிடும், ஆஃப்சைடு கோடும் உடைந்துவிடும்.

இதைப் பழக்க விலையுள்ள கருவி ஒன்றும் வேண்டாம். 25 மீட்டர் வலைக் கயிறு ஒன்றை எடுத்து, சுமார் 8 மீட்டருக்கு ஒரு முடிச்சு வீதம் நாலு முடிச்சு போடுங்கள். பின்வரிசையின் நாலு பேரும் ஆளுக்கொரு முடிச்சைக் கையில் பிடிக்கட்டும். இடுப்பில் கட்டக் கூடாது. பயிற்சியாளர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இடதும் வலதும் நடக்க, நாலு பேரும் நடை வேகத்தில் நகர வேண்டும். கயிறு தரையில் தொய்ந்தால் நெருங்கிவிட்டார்கள், கையைவிட்டு இழுத்தால் விலகிவிட்டார்கள். நாளுக்கு 10 நிமிடம். மூன்றாவது வாரம் கயிறை எடுத்துவிட்டு அதையே ஓட்டத்தில் செய்யுங்கள். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவே 35 மீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால், கீழ் டிவிஷனில் வாங்கிய கோல்களில் பாதி வராது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

கெஸ்ட் ஆட்டக்காரர்களை நம்புவது

ஃபுல்ஹாம் 2018இல் ஏறியதும் 10 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்து, ஒரே சீசனில் மூன்று மேனேஜர்களைப் பார்த்து, 26 புள்ளியோடு இறங்கியது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 23 வருடம் கழித்து 2022இல் திரும்பி, முப்பது பேர் அளவுக்கு ஆள் எடுத்து 16ஆம் இடத்தில் தப்பியது. பெரிய செலவு இல்லாமல் பழைய ஆட்களோடு போன லூட்டனும் ஃபுல்ஹாமைப் போல 26 புள்ளியில்தான் இறங்கியது. ஆகவே ஆள் எடுப்பதே தவறு என்று சொல்ல முடியாது. ஏற்றிவிட்ட அணியின் நடுத்தண்டை, அதாவது கீப்பர், இரண்டு ஸ்டாப்பர், ஒரு நடு மிட்ஃபீல்டர் ஆகிய நால்வரை, அசைக்காமல் மூன்று அல்லது நாலு பேரை மட்டும் சேர்ப்பது நம் அளவுக்குச் சரி. ஆட்டத்தன்று காலையில் வந்து மாலையில் கிளம்பும் ஃபார்வர்டு ஒரு கோல் அடிப்பார். ஆனால் கார்னர் தடுக்கும்போது யாரைப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியாது. வாரத்தில் ஒரு பயிற்சிக்காவது வராதவரை எடுக்க வேண்டாம்.

ஆடும் பதினொன்றை ஒருவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஊர்க்கமிட்டியும் ஸ்பான்சரும் பெயர் சொல்ல ஆரம்பித்தால் ஒதுக்கப்பட்டவர் அடுத்த வாரம் கடலுக்குப் போய்விடுவார். ஊர்க்கூட்டத்திலேயே, சீசன் தொடங்கும் முன், இதைத் தீர்மானமாக எழுதிவிடுவது நல்லது.

காகிதத்தில் தோற்பது

பத்து அணிகள் ஒரு சுற்று ஆடும் லீக்கில் ஒன்பதே ஆட்டம். 38 ஆட்டம் ஆடும் பிரீமியர் லீக்கோடு ஒப்பிட்டால் இங்கே ஒரு ஆட்டம் அங்கே நாலுக்குச் சமம். தகுதியில்லாத ஆட்டக்காரரை இறக்கினால் பொதுவாக 0-3 என்று தோல்வி எழுதப்படும்.

நம் பக்கம் இது நடக்கும் விதம் ஒன்றுதான். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று, ஆதாரில் அப்பா பெயர் முன்னால் சேர்ந்து மூன்றாவது. ஆங்கில எழுத்தில் ஒரு எழுத்து கூடினாலும் இணையப் பதிவில் வேறு ஆளாகிவிடும், பழைய கிளப்பின் பதிவு தனியாக நிற்கும். பதிவு முடிய ஆறு வாரம் முன்பே ஒவ்வொருவரின் ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். திருத்தம் தேவைப்பட்டால் அவர் கரையில் இருக்கும்போதே இ-சேவை மையத்துக்கு அனுப்புங்கள். விரல் ரேகையும் ஓடிபியும் நடுக்கடலிலிருந்து வராது. மஞ்சள் அட்டைக் கணக்கை ஒரு நோட்டில் ஆட்டத்துக்கு ஆட்டம் எழுதுங்கள். புள்ளி சமமானால் கோல் வித்தியாசமா, இருவரும் ஆடிய ஆட்டத்தின் முடிவா என்பதை அந்த வருட விதிமுறைத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீப்பர்களுக்கு ஒரு புது விதி: 2025 ஜூலை முதல், பந்தைக் கையில் 8 நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு கார்னர். கடைசி 5 நொடியை ரெஃப்ரி கையைத் தூக்கி விரல்விட்டு எண்ணுவார். ஒரு கோல் முன்னிலையில் தரையில் படுத்து நேரம் கடத்தும் பழைய பழக்கம் இனி 88ஆம் நிமிடத்தில் கார்னர் வாங்கித் தரும்.

ஆட்டமுறையில் பிடிவாதம்

பிரீமியர் லீக்கில் கடந்த பல வருடங்களாக ஆட்டத்துக்கு ஒரு புள்ளி வீதம் எடுத்தவர்கள் பெரும்பாலும் தப்பியிருக்கிறார்கள். எல்லோரையும் ஜெயிக்க வேண்டியதில்லை. நம் அளவிலுள்ள நாலு அணிகளிடம் எடுக்கும் புள்ளிதான் கணக்கு. சவுத்தாம்டன் 2024-25இல் கீப்பரிடமிருந்தே குறும்பாஸாகத் தொடங்கி, தன் பாக்ஸிலேயே பந்தைப் பறிகொடுத்துப் பறிகொடுத்து 12 புள்ளியில் முடித்தது. அதுவும் மேசைபோல வெட்டிய புல்லில்.

நம் மைதானத்தில் கோல் ஏரியாதான் முதலில் குழியாகும், மழைநீர் தேங்கும் இடமும் அதுதான். ஆட்டத்துக்கு முன் அங்கே பந்தைத் தோள் உயரத்திலிருந்து விடுங்கள். முழங்கால் அளவுக்கு எழும்பாவிட்டால் அன்று கோல் கிக் நீளமாகத்தான், ஓரத்தை நோக்கித்தான். பந்தில் காற்றும் பாருங்கள்; ஒரு பம்பும் அளவுமானியும் பையில் இருக்கட்டும்.

முழங்காலில் எண்ணெய்

இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் 2020 நவம்பரில், ஏடிகே மோகன் பகானுக்காக ஐஎஸ்எல் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்த சீசன் முழுவதும் ஆடவில்லை. எல்லா மருத்துவ வசதியும் உள்ள கிளப்பிலேயே அப்படி என்றால், எண்ணெய் தடவி நீவி மூன்றாம் வாரம் இறக்குவது எவ்வளவு பெரிய கொடுமை என்று யோசியுங்கள். திரும்பும்போது முழங்காலில் ‘டக்’ என்று சத்தம், ஓரிரு மணி நேரத்தில் வீக்கம், ஊன்றினால் கால் நழுவுவது போன்ற உணர்வு: இந்த மூன்றும் இருந்தால் உள்ளே தசைநார் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். நீவக் கூடாது. துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், கட்டு, பிறகு எலும்பு மருத்துவர். அறுவை சிகிச்சை செய்தால் குறைந்தது 9 மாதம். தலையில் அடிபட்டுத் தடுமாறியவர் அன்று திரும்ப இறங்கவே கூடாது.

இதைக் குறைக்க ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் இருக்கிறது: 15 பயிற்சிகள், 20 நிமிடம், ஓட்டம் 8 நிமிடம், பலமும் சமநிலையும் 10 நிமிடம், வேக ஓட்டம் 2 நிமிடம். வாரம் இரண்டு தடவையாவது முழுதாகச் செய்தால்தான் பலன்.

ஆட்ட நாள்

நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியம் போன்ற இடத்தில் ஆட்டம் என்றால் மார்த்தாண்டம் நெரிசலையும் சேர்த்து இரண்டு மணி நேரம் கணக்கிட்டு, ஒரே வேனில் கிளம்புங்கள். மரச்சீனியும் மீன்கறியும் ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் அரை லிட்டர் அதோடு, இடைவேளையில் ஒரு தம்ளர். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் வீதம் இரவுக்குள் குடிக்க வேண்டும்.

பெரிய அணியிடம் 70ஆம் நிமிடத்தில் 0-3 என்று பின்தங்கியிருந்தால் எல்லோரையும் முன்னே அனுப்பாதீர்கள். கடலிலிருந்து அந்த வாரம் வந்தவரை வெளியே எடுத்து, மஞ்சள் அட்டை வாங்கியவரையும் எடுத்து, பின்வரிசை நாலு பேரைக் கயிறு பிடித்தது போலவே நிறுத்துங்கள். 0-3 என்பது 0-6 ஆகாமல் இருந்தால், கடைசி வாரம் சமப் புள்ளியில் நிற்கும்போது அந்த மூன்று கோல் உங்கள் பக்கம் இருக்கும்.