ஓவர்ஸ்பீடு செலான் வந்தா பண்ணக்கூடாத தப்புங்க

மார்த்தாண்டத்துல செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கி விக்கிறேன். செலான் மெசேஜ தூக்கிட்டு வர்ற பசங்க எல்லாம் ஒரே தப்பதான் பண்ணிட்டு வர்றாங்க. மெதுவா போன்னெல்லாம் சொல்லப்போறதில்ல, அதுக்கு வீட்ல அம்மா இருக்காங்க.

"வெறும் ஃபைன்தானே"ன்னு விடுறது

நியூயார்க்ல ஸ்கூல் பக்கத்து கேமரால மாட்டினா 50 டாலர், ஓனர் பேருக்கு வரும், லைசென்ஸ்ல பாயிண்ட் விழாது, கிரிமினல் கேஸே கிடையாது, சிவில் கணக்கு. இத யூடியூப்ல பாத்துட்டு இங்கயும் அப்படித்தான்னு ஒருத்தன் எங்கிட்டயே வாதாடுறான். இங்க ஓவர்ஸ்பீடு இன்னும் சட்டப்படி குத்தம்தான் மக்கா. மோட்டார் வாகனச் சட்டம் 183ஆவது பிரிவு, காருக்கு 1000ல இருந்து 2000 வரை, ஜெயில் இல்ல, 200ஆவது பிரிவுல காம்பவுண்ட் பண்ணி, அதாவது கேஸ் நடத்தாம ஃபைனோட தீத்துக்கிட்டு, பணத்த கட்டினா அதோட முடிஞ்சுது. கட்டலன்னா கோர்ட்டுக்கு போகும். ஆனா செலான்ல 184னு இருந்தா ஆபத்தா ஓட்டினதா அர்த்தம், அதுல ஜெயிலும் உண்டு, அத மட்டும் வக்கீல்ட்ட காட்டு.

ஆர்சி பேர் மாத்தாம வண்டிய குடுக்குறது

இதுதான் எனக்கு கடுப்பேத்துறது. குழித்துறைக்காரர் ஒருத்தர் பைக்க வித்துட்டு பேர் மாத்துறதுக்கான 29, 30 ரெண்டு பாரத்துலயும் கையெழுத்த போட்டு குடுத்துட்டு, "அவனுக்க பேருல அவனே மாத்திக்கட்டும்"னு போயிட்டார். வாங்குனவன் தினமும் களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு போறவன், கேரளாக்காரன் 2023 ஜூன்லயே 726 ஏஐ கேமராவ வச்சு ஃபைன் போட ஆரம்பிச்சாச்சு, செலான் எல்லாம் வரிசையா நம்மாளு பேருக்கு வந்துச்சு. ஃபோட்டோவ பெருசாக்கி காட்டுறார், ஹெல்மெட்டுக்குள்ள மூஞ்சியே தெரியல, நம்பர் பிளேட்டு மட்டும் பளிச்சுன்னு இருக்கு. "நான் ஓட்டலியே அண்ணே"ங்கறார். கேமராவுக்கு ஆர்சில இருக்குற பேருதான் தெரியும், ஓட்டுனது யாருன்னு நீதான் ஆதாரத்தோட சொல்லணும். நம்ம ஸ்டேட்டுக்குள்ள வித்தா 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்கு தெரிவிக்கிறது வித்தவன் வேலைன்னு 50ஆவது பிரிவுல தெளிவா இருக்கு, வாங்குனவனுக்கு 30 நாள். இதாவது செலான், பைசாவோட போச்சு. அந்த வண்டி யாரையாவது இடிச்சிருந்தா? ஆர்சில பேர் இருக்குறவன்தான் ஓனர், நஷ்டஈடு அவன் தலைலன்னு சுப்ரீம் கோர்ட்டே 2018ல சொல்லியாச்சு. இவ்வளவு தெரிஞ்சும் ஃபீஸ மிச்சம் பிடிக்க பாக்குறவன என்ன சொல்ல.

நோட்டீஸ படிக்காம கட்டுறது

கேமரா செலான்னா 15 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும், ஃபோட்டோ, இடம், நேரம், அளந்த வேகம் எல்லாம் அதுல இருக்கணும். நம்பர் உன்னுதா, வண்டி உன்னுதான்னு பாரு. டூப்ளிகேட் பிளேட்டு மாட்டிட்டு ஓட்டுறவனும் இருக்கான்.

வாட்ஸ்அப்ல வர்ற ஏபிகே

செலான்னு சொல்லி அனுப்புற ஆப் ஃபைலு, ஃபோன்ல ஏத்தினா திருட்டுதான், தொடாத. பரிவாகன்னு இருக்குற கவர்மெண்ட் சைட்ல நீயே போய் பாரு.

பழைய மொபைல் நம்பர்

ஆர்சில பழைய நம்பர் இருந்தா செலான் மெசேஜ் உனக்கு வராது, இன்னைக்கே மாத்து.