மாட்டின் கழுத்தில் சென்சார்: எங்கே தவறுகிறோம்?

மாடு வாய் திறந்து நோவைச் சொல்லாது, அசைபோடுவதைக் குறைத்துக்கொள்ளும். கழுத்துப் பட்டைச் சென்சார்கள் பெரும்பாலும் கணக்கெடுப்பது அதைத்தான். நலமான கறவை மாடு நாளொன்றுக்கு ஏறக்குறைய 7 முதல் 8 மணி நேரம் அசைபோடும். அந்த நேரம் சட்டென்று சரிந்தால் கைபேசிக்கு எச்சரிக்கை வரும். பால் குறையும் முன்பே வருவதும் உண்டு. அதனால்தான் இந்தக் கருவியை மதிக்கிறேன். அதை மாட்டிவிட்டுத் தொழுவத்துக்குப் போவதை நிறுத்துவதுதான் முதல் தவறு.

நம் திருநெல்வேலிப் பக்கம் மாடுகளைத் தறியில் கட்டி வளர்க்கிறோம். கழுத்துக் கயிறு பட்டையில் உரசினாலோ, பட்டை தொளதொளவென்று சுழன்றாலோ கணக்கு பொய்த்துவிடும். கயிறு தனியாக, பட்டை உள்ளங்கை நுழையும் அளவு இறுக்கமாக இருக்கட்டும். சந்தையில் வாங்கிய மாட்டுக்கு மாட்டிய மறுநாளே எச்சரிக்கையை நம்பவும் வேண்டாம். அந்த மாட்டின் வழக்கத்தைக் கருவி பழகிக்கொள்ள ஒன்றிரண்டு வாரமாவது ஆகும். சினை மாடென்றால் கன்று போடும் நாளுக்கு மூன்று வாரம் முன்பே மாட்டிவிடுங்கள்.

எச்சரிக்கை வந்ததும் பக்கத்து மாடுகளின் கணக்கையும் பாருங்கள். சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையிலும் நாங்குநேரியிலும் தொழுவம் முழுக்கவே அசைபோடுவது குறையும். அதற்கு நிழலும் தண்ணீரும்தான் மருந்து. ஒரு மாட்டின் கணக்கு மட்டும் சரிந்திருந்தால் அதன் அருகே போய் நில்லுங்கள். சினைப்பருவத்துக்கு வந்த மாடும் அசைபோடுவதைக் குறைக்கும், ஆனால் நடமாட்டம் கூடியிருக்கும். முந்தின நாள் கல்யாண வீட்டுச் சோற்றை அள்ளி வைத்தீர்களா என்றும் யோசியுங்கள். சோறு அதிகமானால் வயிற்றில் அமிலம் ஏறும். மாட்டுப் பொங்கலன்று அன்பால் ஊட்டுகிற பொங்கலும் அப்படித்தான்.

என்னை மிகவும் வருத்துவது, சூடு ஏறினால்தான் நோய் என்ற எண்ணம். கன்று போட்ட இரண்டு மூன்று நாளுக்குள் வரும் பால் காய்ச்சலில் பெயரில் மட்டும்தான் காய்ச்சல். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்து, காது சில்லிட்டு, உடல் வெப்பம் இறங்கி, மாடு கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்துவிடும். வெப்பம் கூடினால் மட்டும் ஒலிக்கும்படி அமைத்த கருவி அப்போது வாய் திறக்காது. சில மணி நேரத் தாமதம்கூட உயிரை வாங்கும். மருத்துவர் நரம்பில் கால்சியம் மெதுவாக ஏற்றினால் பெரும்பாலான மாடுகள் எழுந்துவிடும். ஈன்ற மாட்டின் காதை இரவில் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

தொடக்க நிலை மடிநோயையும் பட்டை காட்டிக்கொடுக்காமல் போகலாம். கறக்கும் முன் முதல் இரண்டு பீச்சுப் பாலைக் கருப்புத் தட்டில் பிடித்துத் திரிந்த கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை விடாதீர்கள்.

எச்சரிக்கையைக் கண்டதும் மருந்துக் கடைக்கு ஓடி ஊசி வாங்குவது பெரிய தவறு. கருவி நோயின் பெயரைச் சொல்வதில்லை. வீணாகப் போட்ட ஆன்டிபயாடிக் பாலில் இறங்கிப் பிள்ளைகளின் டம்ளருக்கு வரும். 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணை அழைத்தோ, ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோயோ காட்டுங்கள். கைபேசியில் உள்ள ஒரு வார வரைபடத்தையும் மருத்துவரிடம் நீட்டுங்கள். எந்த நாளில் சரிவு தொடங்கியது என்பதை அவர்தான் முதலில் கேட்பார்.