தொடக்ககால அமெரிக்க மாநில அவை உறுப்பினர் ஒருவரின் பொதுவாழ்வை எழுதும் முறை

அமெரிக்கா விடுதலை பெற்றதை அடுத்த சில பத்தாண்டுகளில், ஒரு மாநில அவையில் இரண்டு மூன்று முறை உறுப்பினராக இருந்துவிட்டுத் தம் ஊர் அலுவல்களுக்கே திரும்பிய ஒருவரைப் பற்றி எழுத முனைவோர், அந்த அவை எந்த விதிகளின்படி நடந்தது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பென்சில்வேனியாவின் 1776-ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி ஒருவர் ஏழு ஆண்டுகளில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உறுப்பினராக இருக்க முடியாது. ஆகவே, 1790-இல் அந்த அரசியலமைப்பு மாற்றப்படும் வரை, அங்கு ஒருவரது பதவிக்காலத்தில் காணப்படும் இடைவெளியைத் தோல்வி என்று எழுதிவிடக் கூடாது. கனெக்டிகட்டில் 1818 வரை கீழவைக்கு ஆண்டுக்கு இருமுறை தேர்தல் நடந்ததால், ஆறு முறை தேர்வானவர் மூன்றே ஆண்டுகள் பணியாற்றியிருக்கலாம்.

மாசசூசெட்ஸைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன்தரும். அங்கு ஊர்களின் பிரதிநிதிகள் ஆண்டுதோறும் மே மாதத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அம்மாதத்தின் கடைசிப் புதன்கிழமை தொடங்கிய அரசியல் ஆண்டு அடுத்த மே வரை நீடித்தது. இதனால் 1805 மே மாதம் தேர்வானவரின் பெயர் 1806 ஜனவரிக் கூட்டத்தின் ஆவணங்களிலும் வரும்; அதை இரண்டு பதவிக்காலம் என்று எண்ணுவது அடிக்கடி நேரும் பிழை. அரசியல் ஆண்டு ஜனவரிக்கு மாற்றப்பட்டது 1831-இல்தான். மேலும், ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் ஒருமுறை போய்வரும் பயணச் செலவை மட்டுமே மாநிலக் கருவூலம் ஏற்கும் என்றும், உரிய நேரத்தில் வந்து, அனுமதியின்றிப் புறப்படாதவருக்கே அது உண்டு என்றும் 1780-ஆம் ஆண்டு அரசியலமைப்பு கூறியது. தொடக்க ஆண்டுகளில், உறுப்பினர் அவைக்கு வந்த நாட்களுக்கான படியை ஊரே கொடுத்தது. எனவே ஊர்ப் பொருளாளரின் கணக்கேடு, அவர் உண்மையில் எத்தனை நாள் அவையில் இருந்தார் என்பதற்கு நல்ல சான்றாகும்; தேர்வானார் என்ற ஒற்றை வரியைவிட இது எவ்வளவோ மேலானது. மேய்ன் 1820 வரை மாசசூசெட்ஸின் பகுதியாக இருந்ததால், அதற்கு முந்தைய காலத்தில் மேய்னின் போர்ட்லண்ட் ஊருக்குப் பிரதிநிதியாக இருந்தவரை, மாசசூசெட்ஸின் தலைநகரான பாஸ்டனின் ஆவணங்களில்தான் தேட வேண்டும்.

அடுத்த சிக்கல் பெயர். ஒரே ஊரில் ஒரே பெயருடைய இருவர் இருந்தால், உறவே இல்லாவிட்டாலும் மூத்தவரை ‘சீனியர்’ என்றும் இளையவரை ‘ஜூனியர்’ என்றும் எழுத்தர்கள் குறிப்பது வழக்கம். மூத்தவர் இறந்ததும் இளையவரின் அடைமொழி மறைந்துவிடக்கூடும். ‘எஸ்குயர்’ என்ற மரியாதை பெரும்பாலும் அமைதி நீதிபதியையும் (சிறு வழக்குகளை விசாரித்த உள்ளூர் நீதிபதி), ‘கேப்டன்’ குடிப்படைப் (ஊர் மக்களைக் கொண்ட படை) பதவியையும் சுட்டும். 1790 முதல் 1840 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருப்பதால், வரிப் பட்டியல், நிலப் பத்திரம், உயில் ஆகியவற்றோடு ஒப்பிட்ட பிறகே ஆளை உறுதிசெய்ய வேண்டும்.

ஆள் உறுதியான பின், அவை நடவடிக்கைக் குறிப்புகளை நாள்வாரியாகப் படியுங்கள். இத்தகைய உறுப்பினர்களின் உரைகள் அரிதாகவே பதிவாகியுள்ளன; பெயர் வாரியான வாக்கெடுப்பும் சில தீர்மானங்களுக்கே உண்டு. அவர்களின் உழைப்பை மனுக்களிலும் குழுக்களிலும்தான் காண முடியும். சுங்கச் சாலை நிறுவனத்துக்கு உரிமம் கேட்டோ, ஊரை இரண்டாகப் பிரிக்கக் கோரியோ வந்த மனுவை யார் அளித்தார், எந்தக் குழுவுக்கு அது போயிற்று, குழுவின் அறிக்கை என்னவாயிற்று என்று தொடர்ந்து சென்றால், அவர் யாருக்காகப் பேசினார் என்பது புலப்படும். மனுவின் மூலத்தாள் மாநில ஆவணக் காப்பகத்தில் கிடைத்தால் கையொப்பங்களையும் பாருங்கள். அவருடைய அண்ணன் தம்பிகளோ மைத்துனரோ அவற்றில் இருக்கலாம்.

தேர்தல் எண்ணிக்கைகளுக்கு, 1787 முதல் 1825 வரையிலான முடிவுகளைத் திரட்டியுள்ள அமெரிக்கன் ஆன்டிகேரியன் சொசைட்டியின் தரவுத்தளம் உதவும். கட்சியைக் குறிப்பிடும்போது மட்டும் நிதானம் வேண்டும்: அவரது ஊர் அக்காலக் கட்சிகளுள் ஒன்றான ஃபெடரலிஸ்ட்டுகளுக்கு வாக்களித்தது என்பதாலேயே அவரையும் அக்கட்சியில் சேர்க்காமல், அக்காலச் செய்தித்தாளின் வேட்பாளர் பட்டியலோ பெயர் வாரியான வாக்கோ கிடைத்தால் மட்டும் எழுதுங்கள்.