பேரிடர் பை: மும்பைக்கு ஜிஹெச்பி போதும்

மும்பையில் லோக்கல் ரயிலில் வேலைக்குப் போய் வருபவர்கள் பேரிடர் பை, அதாவது ஆபத்து நேரத்துக்கான பொருட்கள் வைத்த பை வாங்குவதானால், ‘ஜிஹெச்பி’ (வீடு சேர்வதற்கான பை) என்று போட்ட பொருள் பட்டியலை மட்டும் பாருங்கள். ‘பிஓபி’, ‘இன்ச்’ இரண்டையும் விட்டுவிடுங்கள், பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகும்.

பிஓபி என்றால் பக் அவுட் பேக், மூன்று நாளுக்கு வீட்டை விட்டுக் கிளம்புவதற்கான மூட்டை. இன்ச் என்பது ‘ஐ ஆம் நெவர் கமிங் ஹோம்’, திரும்பியே வராதவர்களுக்கு. ஜிஹெச்பி, அதாவது கெட் ஹோம் பேக், வெளியே மாட்டிக்கொண்டவர் வீடு சேர்வதற்கு. நம் ஊர்ச் சிக்கலே அதுதானே? 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டியபோது ரயில் நின்றுபோய், எத்தனையோ பேர் ராத்திரி முழுக்க நடந்தார்கள்.

ஜிஹெச்பி ஆபீஸ் பையிலேயே அடங்கும்: சின்ன டார்ச், பவர் பேங்க், தண்ணீர், கடலை மிட்டாய், இரண்டு நாள் மாத்திரை. அப்புறம் ஜிப் கவரில் பத்து, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்கள். இதை மட்டும் மறக்கவே மறக்காதீர்கள், நெட்வொர்க் போனால் யுபிஐயும் போய்விடும்.

மித்தி ஆற்றங்கரை மாதிரி தாழ்வான இடத்தில் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. வீட்டையே காலி செய்ய வேண்டி வரலாம், ரேஷன் கார்டு, ஆதாரோடு பிஓபி கட்டாயம் வேண்டும். தெருவில் தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் யாருமே நடக்காதீர்கள், திறந்த மேன்ஹோல் கண்ணுக்குத் தெரியாது. ஆபீஸிலேயே தங்கிவிடுங்கள்.