ஆட்டோ விபத்தா? மறுபரிசோதனையை விட்டுவிடாதீர்கள்

அல்சூரிலோ சிவாஜிநகரிலோ ஆட்டோ மோதி, சிராய்ப்புக்கு மருந்தும் டி.டி. ஊசியும் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டால், எல்லாம் முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். பெங்களூரு சொந்தங்களே, தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள்.

ஆட்டோவின் பின் இருக்கையில் சீட் பெல்ட் கிடையாது. மோதும்போது நெற்றி முன்னால் உள்ள கம்பியில் இடிக்கும். தடுமாறி ஊன்றிய கைதான் உடம்பின் எடையைத் தாங்கும். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டு ஓரம் சிறு குழி தெரியும். அங்கே அழுத்தி வலித்தால் ஸ்கேஃபாய்டு என்ற சிறு மணிக்கட்டு எலும்பில் விரிசல் இருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் இது பல நேரம் தெரியாது. 10 முதல் 14 நாட்களுக்குள் மறுபடி எக்ஸ்ரே தேவையா என்று நீங்களே கேளுங்கள். அதுவரை கையில் போட்ட மாவுக்கட்டையோ பட்டியையோ அவிழ்க்காதீர்கள். கவனிக்காமல் விட்டால் அந்த எலும்பு கூடாமலே போகலாம்.

தலையில் அடி என்றால் இன்னும் கவனம் தேவை. திரும்பத் திரும்ப வாந்தி, அசாதாரணத் தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மூளை, நரம்பியல் மருத்துவமனையில் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் உண்டு. வயதானவர்களுக்கு, குறிப்பாக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, வாரங்கள் கழித்துக்கூட மூளையைச் சுற்றி இரத்தம் கட்டலாம். பாட்டியின் திடீர்த் தள்ளாட்டத்தையும் மறதியையும் முதுமை என்று ஒதுக்காமல், விபத்து நடந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து ரசீதுகளை ஒரே உறையில் வையுங்கள். இழப்பீடு கோரும்போதும் அவை வேண்டும்.