சாப்பு முதல் மெஞாப்பு வரை: சிறுவர்க்கு இந்தோனேசியச் சொற்களைத் திரையில் கற்பிப்பது

மத்திய ஜாவா கிராமங்களில் முதல் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பலருக்கு வீட்டுமொழி ஜாவானியம். வாழைப்பழப் படத்தைக் காட்டினால் இந்தோனேசியத்தில் ‘பீசாங்’ என்னாமல் ‘கெடாங்’ என்பார்கள். அது தப்பில்லை, வீட்டுச் சொல். (மேற்கே சுண்டா மொழியில் அதே கெடாங் பப்பாளி!) அதனால் ஸ்லைடு தயாரிக்கும் முன்பே பிள்ளைகளிடம் வீட்டுச் சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவற்றை அடித்துத் திருத்தாமல் பக்கத்திலேயே புதுச் சொல்லை வையுங்கள்.

ஒரு பாடத்துக்கு ஆறு சொல் போதும். எல்லாம் ஒரே இடத்துச் சொற்களாக இருக்கட்டும்: சமையலறை, முற்றம், திண்ணை. (‘பெத்தி’யையும் சேர்க்கலாம், நம் பெட்டிதான் அது.) திரை நேரம் 10 முதல் 12 நிமிடம். முதலில் படமும் குரலும் மட்டும் வரட்டும். மூன்று விநாடி விடுங்கள், பிள்ளைகள் சொல்லட்டும், அப்புறம் எழுத்து. எழுத்து முந்திக்கொண்டால் காது வேலை செய்யாது.

குரல் உங்களுடையதாகவே இருக்கட்டும். இந்தோனேசியத்தில் e என்ற ஒரே எழுத்துக்கு இரண்டு ‘எ’ ஒலி உண்டு. ‘தெராஸ்’ என்பதில் எ தெளிவாக ஒலித்தால் திண்ணை, மங்கி ஒலித்தால் மரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதி. கணினிக் குரல் இங்கே தடுமாறலாம். சந்தேகம் வந்தால் இணையத்தில் கேபிபிஐ என்ற இந்தோனேசியப் பேரகராதியைப் பாருங்கள், உச்சரிப்பைப் பிரித்துக் காட்டியிருப்பார்கள். ஒலிக்கோப்பை ஸ்லைடுக்குள்ளேயே பதித்துவிடுங்கள். வெறும் இணைப்பாக விட்டால் வேறு கணினியில் சத்தமே வராது.

வினைச்சொல்லில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஒரு பெண் பெருக்கும் படத்தைக் காட்டி ‘மெஞாப்பு’ (பெருக்குதல்) என்றால், பிள்ளை அதை ‘அம்மா’ என்றே புரிந்துகொள்ளும். முகம் தெரியாமல் கையும் விளக்குமாறும் மட்டும் அசையும் ஐந்து விநாடிக் காணொளி எடுங்கள். முதலில் ‘சாப்பு’ (விளக்குமாறு) தோன்றட்டும். பிறகு அதன் முதலெழுத்து ‘ஸ்’ (sapu-வின் s) மெல்ல மறைந்து, அங்கே ‘மெஞ்’ (meny) வந்து ஒட்டட்டும். இப்படியே தூலிஸ் மெனூலிஸ் ஆகும் (எழுதுதல்), புக்குல் மெமுக்குல் ஆகும் (அடித்தல்). வேர்ச்சொல் கண்ணெதிரே மாறுவதைப் பார்த்த பிள்ளைக்கு மெஞாப்பு புதுச் சொல்லாகவே தெரியாது. கரும்பலகையில் இதைக் காட்டுவது கடினம், திரையில் எளிது.

வேர்ட்வால் போன்ற இணைய வினாடி வினா விளையாட்டில் விடைகளின் இடத்தை ஒவ்வொரு முறையும் கலைத்துப் போடுங்கள். இல்லையென்றால் பிள்ளைகள் சொல்லை விட்டு இடத்தை மனப்பாடம் செய்துவிடுவார்கள். தவறான விடைகளும் அதே ஆறு சொற்களிலிருந்தே வரட்டும். நேரக் கடிகாரம் வேண்டாம், அது ஊகித்து அழுத்தவே தூண்டும்.

பிறகு திரையை அணைத்து, நிஜ விளக்குமாறு ஒன்றைக் கையில் எடுத்து ‘அப்பா இனி?’ (இது என்ன?) என்று கேளுங்கள். ஸ்லைடில் நார் விளக்குமாறு இருந்தால் கையில் ஈர்க்குமாறு இருக்கட்டும். ‘இனி சாப்பு’ என்று வந்தால் சொல் பதிந்துவிட்டது. பிள்ளைகள் விழித்தால் அடுத்த பாடத்தின் ஆறில் இதையும் ஒன்றாகச் சேர்த்து, வேறு படத்தோடு காட்டுங்கள்.